கோட்டுத் தெறி

கனடாவிலிருக்கும் எங்கள் மகன் போன மாதம் ஒரு பெட்டி அனுப்பியிருந்தான். உள்ளே பால்மாத் தகர ரின் அளவில் வெள்ளையாக ஓர் இயந்திரம். அறைக் காற்றை மின்சாரத்தால் அயனாக்கித் தூசியைப் பிடித்துவிடுமாம். எனக்கு இருக்கும் இளைப்புக்கு நல்லதாம். கிளிநொச்சித் தூசியை இது எத்தனை நாளைக்குப் பிடிக்கும் என்று நான் கேட்கவில்லை. பிள்ளை ஆசையாக அனுப்பியது. சுவிச்சைப் போட்டேன். "ஸ்ஸ்" என்று மெல்லிய சத்தம். ஐந்து நிமிடத்தில் அறைக்குள் அந்த மணம் வந்தது.

உங்களுக்கும் அது தெரியும். மின்னல் எங்கோ கிட்டத்தில் விழுந்ததும், மழை தொடங்க முன்பு மூக்கில் ஏறுமே, அந்த மணம். குசினியில் நின்ற என் மனைவி வதனி அகப்பையும் கையுமாக வந்து வாசலில் நின்றாள். மூக்கைச் சுருக்கி இரண்டு தரம் மணந்து பார்த்தாள்.

"இஞ்சேரப்பா, உங்கட மோட்டார் சைக்கிள் மணக்குது."

அதை விற்று இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் அவள் சொன்னது சரி. அந்த மோட்டார் சைக்கிளின் எண்ணெய் ராங்கிக்குக் கீழே குனிந்தால் இதே மணம்தான் வரும். காரணம் ஒரு தெறி. அந்தத் தெறி இல்லாவிட்டால் இவள் இன்று என் குசினியில் நின்றிருக்கமாட்டாள். கொஞ்சம் பொறுங்கள், ஒழுங்காகச் சொல்கிறேன்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு நான் அக்கராயனில் மோட்டார் சைக்கிள் திருத்தும் கொட்டில் ஒன்றில் வேலை செய்தேன். வன்னிக்குள் பெற்றோல் வர விடாத காலம். ஒளித்து மறைத்து வந்ததைச் சென்ற் போத்தல் போல வைத்துப் பாவித்தோம். வண்டிகள் எல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஆனால் மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் இலேசில் பற்றாது. அதனால் குழந்தைப்பிள்ளை பால் குடிக்கும் சூப்பிப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்து, நாலு சொட்டுப் பீச்சி, பிறகு உதைப்போம். கலியாணம் கட்டாத பெடியன் சட்டைப் பையில் சூப்பியோடு திரிவதை அந்த நாட்களில் ஒருவரும் ஒரு மாதிரிப் பார்த்ததில்லை.

கிளம்பினாலும் நிம்மதி இல்லை. மண்ணெண்ணெய்ப் புகை பிளக்கில் கரியாய்ப் பிடித்துவிடும். பிளக் என்பது இயந்திரத்துக்குள் நெருப்புப் பொறி போடும் சின்னச் சாமான். கரி பிடித்தால் மின்சாரம் அந்தக் கரி வழியே கள்ளமாக நழுவிப் போய்விடும், பொறி விழாது. இரண்டு மூன்று மைல் கட்டைக்கு ஒருக்கால் இறங்கி, பிளக்கைக் கழற்றி, அரத்தாளால் தேய்த்து, ஊதி, பூட்டி... சுடுபிளக்கைப் பிடித்துப் பிடித்து என் விரல் நுனிகளில் ரேகையே இல்லாமல் போயிருந்தது.

இதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தவன் நான் என்று அக்கராயன் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அது பச்சைப் பொய். சொல்லித் தந்தவர் முருகையா. மலையகத்திலிருந்து வந்து எங்கள் பக்கம் காடு வெட்டிக் குடியேறி, உழவு இயந்திரம் ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒருநாள் என் விரலைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "தம்பி, ஒரு பெரிய பட்டன் இருந்தா குடுங்க" என்றார்.

"பட்டனோ?"

"அதாங்க, சட்டைக்குப் போடுறது. நீங்க தெறின்னு சொல்லுவீங்களே."

பிளக்குக்குப் போகும் தடித்த வயரை நடுவில் வெட்டி, இரண்டு முனைகளையும் தெறியின் இரண்டு துளைகளிலும் ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். முனைகள் ஒன்றையொன்று தொடக்கூடாது. மின்சாரம் அந்த இடைவெளியைப் பாய்ந்து கடந்துதான் மற்றப் பக்கம் போகவேண்டும். அப்படிப் பாய்ந்து வந்த வீச்சில், கரி பிடித்த பிளக்கிலும் பொறி விழுந்துவிடும். இடையில் இருக்கிற காற்று மின்சாரத்துக்கு வழிவிடுவதைத்தான் அயனாக்கம் என்கிறார்கள் என்று மகன் அனுப்பிய பெட்டித் தாளில் போட்டிருக்கிறது. நாங்கள் அதையும் தெறி என்றுதான் சொன்னோம். தெறிக்குள்ளே தெறித்தது, வேறென்ன சொல்வது?

சட்டைத் தெறி போதவில்லை, கருகிவிட்டது. பெரிய தெறிக்கு நான் போன இடம் அடுத்த ஒழுங்கை, ராசையர் வீட்டுக் கிணற்றடி. ஏன் அங்கே போனேன் என்று கேட்கிறீர்களா? தெறி எல்லா வீட்டிலும்தான் இருந்திருக்கும். வதனி அந்த வீட்டில்தான் இருந்தாள்.

ராசையர் உருத்திரபுரத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த, வயல் செய்யும் கமக்காரர். மனைவி இல்லை. மகள் வதனி, மூத்தவன் ரவி. ரவி ஓர் ஏஜென்சிக்காரனை நம்பிப் பிரான்சுக்கு என்று வெளிக்கிட்டுப் பதினொரு மாதம். போய்ச் சேர்ந்தானா இல்லையா என்று ஒரு வரி இல்லை. குளிருக்கென்று அவன் தைப்பித்த கோட்டு, கொண்டு போக வேண்டாம் என்று ஏஜென்சிக்காரன் சொன்னதால் வீட்டு அலுமாரியில் தொங்கியது. வதனி அதிலிருந்துதான் ஒரு தெறியை வெட்டித் தந்தாள். கறுப்பு, ஒரு ரூபாய்க் குற்றிக் காசளவு பெரிசு. "அப்பாக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்று போடுவார்" என்றாள். அவள் அப்படிச் சொன்ன விதத்தில், அதற்குப் பிறகும் அங்கே போகலாம் என்று எனக்குப் பட்டது.

வண்டி ராசாவாக ஓடியது. ஆனால் ஒரு பக்கவிளைவு. தெறிக்குள் பொறி பாயும்போதெல்லாம் அக்கம்பக்கத்து றேடியோக்கள் "கர்ர்ர்" என்று இரையத் தொடங்கின. அப்போது பற்றரியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில்தான் றேடியோ கேட்போம். ராசையர் வீட்டில் பெடல் சுற்றும் உத்தியோகம் வதனிக்கு. ஒருவேளை மகனைப் பற்றி ஏதும் வருமோ என்று அந்த மனிதர் பின்னேரங்களில் றேடியோவோடு காதை ஒட்டிக்கொண்டு இருப்பார்.

நான் சும்மா இருப்பேனா? ஒழுங்கை முனையில் வண்டியை முறுக்கிவிட்டு மூன்று தரம் அணைத்து அணைத்துப் போடுவேன். றேடியோ "கர்ர், கர்ர், கர்ர்" என்னும். உள்ளே வதனி பெடலை விட்டுவிட்டு, "கை உளையுது அப்பா, ஒரு வாளி தண்ணி அள்ளிக்கொண்டு வாறன்" என்று கிணற்றடிக்கு வருவாள். அந்த மாரியில் அவர்கள் வீட்டில் தண்ணீருக்குக் குறைவே இருக்கவில்லை. ராசையர் றேடியோவின் தலையில் தட்டித் தட்டி, "உது பழுதாய்ப் போச்சு, அந்தக் கொட்டில் பெடியனிட்டை ஒருக்கால் காட்டவேணும்" என்பாராம். காட்டவும் வந்தார். நான் கழற்றிப் பார்த்து, ஈரலிப்பு என்று சொல்லி அனுப்பினேன்.

எங்கள் கம்பியில்லாத் தந்தியில் ஒரு பிழை. அது ஒருவழி. நான் அவளுக்குச் சொல்லலாம், அவள் எனக்குச் சொல்ல முடியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொழும்பிலிருந்த வதனியின் சித்தி, இங்கே வந்த ஓர் ஆளிடம் துண்டுக் கடிதம் கொடுத்தனுப்பியிருந்தா. "ரவி வெளிநாட்டு வானொலிக்குக் கடிதம் போட்டிருக்கிறானாம், நேயர் கடிதத்தில் வாசிப்பினமாம், இந்த ஞாயிறு கேளுங்கோ." துண்டு வந்ததே மத்தியானம். ராசையர் முழுகி, வேட்டி கட்டி, றேடியோவுக்கு முன்னால் குந்திவிட்டார். "இண்டைக்குக் கை முறிஞ்சாலும் நிப்பாட்டாதை பிள்ளை" என்று மகளுக்குக் கட்டளை. எனக்கு இது ஒன்றும் தெரியாது. இண்டைக்கு மட்டும் இந்த மனிசன் வந்து துலைக்கக்கூடாது என்று வதனி உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே பெடலைச் சுற்றியிருக்கிறாள்.

நான் வந்து துலைத்தேன்.

"அடுத்ததாக, பிரான்சிலிருந்து ஒரு நேயர்..." என்று அறிவிப்பாளர் தொடங்கியதும் கர்ர், கர்ர், கர்ர். வதனி கிணற்றடிக்கு வரவில்லை. விளங்கவில்லையோ என்று இன்னும் முறுக்கினேன். இன்னும் வரவில்லை. ஐந்து நிமிடம் முறுக்கினேன். கடைசியில் வந்தவர் ராசையர். வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஒழுங்கையால் ஓடி வந்தார். நான் வண்டியை நிறுத்தியதும், வீட்டுக்குள்ளிருந்து முடிவிசை தெளிவாகக் கேட்டது. அந்த மனிதருக்கு எல்லாம் அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது.

"என்னடா வைச்சிருக்கிறாய் உதுக்குள்ள?"

"தெறி, ஐயா."

"என்ன தெறி?"

பயத்தில் வாய் உண்மையைச் சொல்லிவிட்டது. "ரவியண்ணேன்ர கோட்டுத் தெறி."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தேன். அலுமாரிக்குள் இருந்த கோட்டின் தெறி கொட்டில் பெடியனிடம் எப்படி வந்தது? ராசையர் வண்டியைக் குனிந்து பார்த்தார். திரும்பி, பெடலை விட்டுவிட்டு வாசல் படலையடிக்கு வந்து நின்ற மகளைப் பார்த்தார். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் அடிக்கவில்லை, மணலில் குந்தி இருந்துவிட்டார்.

"பதினொரு மாசமா ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தனான். அதைத் திண்டுபோட்டியேடா. என்ர பிள்ளையின்ர சொல்லைக் கொண்டு வா. அதுக்குப் பிறகுதான் மற்றக் கதை."

மற்றக் கதை என்று ஒன்று இருக்கிறது என்று அவர் சொன்னதே எனக்குப் போதுமாயிருந்தது. ஆனால் காற்றில் போன சொல்லை எங்கே போய்ப் பிடிப்பது?

அந்த நிகழ்ச்சியை விடாமல் கேட்கும் ஒருவரை வன்னி முழுக்கத் தெரியும். அந்தோனி அண்ணை. கொக்கிளாயிலிருந்து இடம்பெயர்ந்து அளம்பிலில் தொழில் செய்த மீன்பிடிகாரர். அவரே அந்த வானொலிக்குக் கடிதம் எழுதுவார், அவர் பெயர் வாசிக்கப்படும். அடுத்த நாள் விடியவே சூப்பியையும் எடுத்துக்கொண்டு முல்லைத்தீவுப் பக்கம் வெளிக்கிட்டேன். தெறி என்னைக் கைவிடவில்லை, வண்டி மூன்று இடத்தில்தான் நின்றது.

அந்தோனி அண்ணை கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார். விசயத்தைச் சொன்னேன். ஊசியை வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தேப்பன் தனியவோ?"

"ஒரு மகள் இருக்கு."

"பெடியன் போய் எவ்வளவு காலம்?"

"பதினொரு மாசம்."

ஊசியைத் திரும்பக் கையில் எடுத்தார். "ஓம் ஓம், கேட்டனான். சுகமா இருக்கிறாராம். யோசிக்க வேண்டாமாம். அம்மாவையும் கேட்டவர்."

"அம்மா செத்திட்டா, அண்ணை."

"ஓம், அப்பாவைத்தான். அப்பாவைத்தான் கேட்டவர். காத்து இரைச்சலில பிழையாச் சொல்லிப்போட்டன்." பிறகு ஓலைப்பெட்டியில் கருவாடு கட்டித் தந்து, "கெதியாப் போய்ச் சொல்லும் தம்பி" என்றார்.

சொல் கிடைத்ததை எண்ணி எனக்கு ஒரே புளுகமும் சந்தோசமும். அவர் சொல்லித் தடுமாறியது ஒன்றும் என் மண்டையில் ஏறவில்லை. ஆனால் வழியில் வண்டி நின்று பிளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, கடிதம் கொஞ்சம் கட்டையாக இருக்கிறதே என்று பட்டது. நானும் ஒரு வரி சேர்த்தேன். "தங்கச்சியை வெளிநாட்டுக்கு அனுப்பாதேங்கோ, ஊரிலையே ஒரு நல்ல பெடியனாப் பாத்துக் குடுங்கோ."

ராசையர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இன்னொருக்கால் சொல்லச் சொன்னார். சொன்னேன். மூன்றாம் தரமும் கேட்டார். மூன்றாம் தரம் சொல்லும்போது அந்த நல்ல பெடியனுக்கு இயந்திர வேலையும் தெரிந்திருந்தது.

"ரவியோ அப்பிடிச் சொன்னவன்?" என்றார். கண்ணால் தண்ணீர் ஓடியது. ஆவணியில் எங்களுக்குக் கலியாணம்.

சண்டை ஓய்ந்து வன்னிக்குப் பாதை திறந்த பிறகு ரவி வந்தான். பிரான்சில் இருந்து, கொஞ்சம் மொட்டையாய், நல்ல கோட்டோடு. பந்தி போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, இப்போது என் மாமாவாகிவிட்ட ராசையர் எல்லோருக்கும் முன்னால் சொன்னார்: "உன்ர சொல்லைக் கேட்டுத்தானடா இவளை இஞ்ச குடுத்தனான்." நான் குனிந்து சோற்றைப் பிசைந்தேன். ரவி தகப்பனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஓம் அப்பா. நல்ல வேலை செய்தியள்" என்றான்.

பிறகு கிணற்றடியில் கை கழுவும்போது கேட்டான். "மச்சான், அதென்ன சொல்லு?"

எல்லாம் சொன்னேன், என் வரியையும் சேர்த்து. அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, வாளித் தண்ணீரைக் கையில் ஊற்றிக்கொண்டு சொன்னான்.

"நான் கடிதமே எழுதேல்லை மச்சான். அந்த வருசம் முழுக்க வழியில ஒரு நாட்டில பிடிபட்டு மறியலில கிடந்தனான். பேனை கூட இல்லை. சித்தி அப்பாவைத் தேத்த ஒரு பொய் சொல்லியிருக்கிறா."

அன்று இரண்டு பேரும் அதை மாமாவுக்குச் சொல்வதில்லை என்று முடிவெடுத்தோம். மாமா போகும்வரை அந்தக் கடிதத்தை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சேர்க்காத வரிகளும் அதில் வந்து சேர்ந்திருந்தன. அவர் காலமான பிறகுதான் வதனிக்குச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். "நீங்கள் அண்டைக்கு வராமல் விட்டிருந்தா, அப்பா கடைசி மட்டும் வடிவாக் கேட்டிருப்பார்" என்றாள். கேட்டிருப்பார். அந்தப் பிரான்சு நேயர் வேறு யாரோவாக இருக்க, எல்லாப் பெயரும் வந்து முடிய, ரவியின் பெயர் மட்டும் வராமல் போனதை ஒரு சின்ன இரைச்சலும் இல்லாமல் கேட்டிருப்பார்.

இப்போது டைனமோவைச் சுற்றுவாரில்லை. சூப்பியில் பால்தான் குடிக்கிறார்கள். எந்த மோட்டார் சைக்கிள் ஒழுங்கைக்குள் வந்தாலும் ஒரு றேடியோவும் இரைவதில்லை.

இதை எழுதும்போது இயந்திரம் மூலையில் "ஸ்ஸ்" என்கிறது. மகன் பெட்டி அனுப்பியதோடு சரி, மூன்று கிழமையாகக் கதைக்கவில்லை. பெட்டி வந்தது, அப்பா போட்டுப் பார்த்தவர், உனக்குச் சுகமோ என்று வதனி போனில் எழுதிய எல்லாவற்றுக்கும் பக்கத்தில் இரண்டு நீலக் கோடு விழுந்திருக்கிறது. வாசித்துவிட்டான். போனை எடுத்துப் பார்த்தாள், வைத்தாள், திரும்ப எடுத்தாள்.

"இஞ்சேரப்பா," என்றாள், "உந்தப் போனுக்கு ஒரு தெறி போடேலாதோ?"