தவிட்டுக்கு வாங்கிய மஸ்தானம்மா

வியாழக்கிழமை சாயங்காலம் தர்காவில் போடும் சாம்பிராணிப் புகை தலைமுடியில் ஏறிவிட்டால், அடுத்து எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற வரைக்கும் இறங்காது. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காரும் பெண்கள் அதை மோந்து பார்த்துவிட்டு, "ஏ மஸ்தான், தாடியை எங்கேடி வச்சுட்டு வந்தே?" என்பார்கள்.

ஒக்கலிபுரத்தில், ரயில் சத்தம் ஓயாத ஒரு சந்தில், குங்குமம் வைக்கிற குடும்பத்தில் பிறந்த எனக்கு அந்தப் பேர் வந்த கதை இதுதான். எனக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகளும் தொட்டிலோடு போய்விட்டதால், அம்மா என்னைத் தெருமுனை தர்கா வாசலில் கிடத்தினாளாம். அங்கே பெருக்கி விளக்கேற்றும் பீபியம்மா என்னைத் தன் பிள்ளையென்று தூக்கிக்கொள்ள, அம்மா ஒரு முறம் தவிட்டைக் கொடுத்து என்னை "விலைக்கு" வாங்கிக்கொண்டாளாம். யாரோ வீட்டுப் பிள்ளை என்று எமன் ஏமாந்து போய்விடுவான் அல்லவா? அதற்கு அடையாளமாக, அங்கே அடங்கியிருக்கும் மஸ்தானின் பேரோடு நம்முடைய "அம்மா"வை ஒட்டி வைத்தார்கள்.

நான்காம் வகுப்புக்குப் புதிதாக வந்த டீச்சரம்மா நல்ல மனுஷி. கேலியைப் பொறுக்காமல், "இனிமே உன்னை மங்களான்னு கூப்பிடுறேன்" என்றார். எனக்கு உள்ளங்கால் வரைக்கும் சந்தோஷம். வீட்டில் மட்டும் மூச்சு விடவில்லை. அந்தப் பேருக்கு எழுந்து நிற்கும்போதெல்லாம், எமன் காதில் விழுந்திருக்குமோ என்று வாசல் பக்கம் பார்த்துக்கொள்வேன்.

ஒருநாள் காலையில் கூடப் படித்தவள் ஒருத்தி சந்தில் நின்று "மங்களா!" என்று கத்தினாள். நான் "ஓ" என்று ஓடினேன். அரிசி களைந்துகொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

"யாரை அவ கூப்பிடுறா?"

சொன்னேன். மங்களா என்பது செத்துப்போன என் அக்காவின் பேர் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளின் பேரை எங்கள் வீட்டில் யாரும் வாயில் எடுத்ததில்லை. அம்மா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். என் படிப்பு அதோடு சரி.

விஷயம் கேள்விப்பட்டுப் பீபியம்மா வந்து சண்டை போட்டாள்: "அடி பைத்தியமே! மஸ்தான்னா யாரு தெரியுமா? அல்லா நெனப்புல தன்னையே மறந்தவரு. ராஜாவே வந்து நின்னாலும் பயப்படாதவரு. அந்தப் பேரை வச்சுக்கிட்டு, புள்ளைய ஜன்னல் கம்பிக்குள்ள போட்டுட்டியே!"

"நீ சொல்லுவே பீபி. மண்ணுல வச்சுட்டு வந்தது உன் கையா?" என்றாள் அம்மா. பீபியம்மா என் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டாள்.

பெண்கள் பள்ளிக்கூடம் போவதைக் கம்பி வழியாகப் பார்த்துக்கொண்டே நான் வளர்ந்தேன். தாழ்ப்பாள் என் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருந்தது. ஆனாலும் நீக்கத் தோன்றவில்லை. அம்மாவைவிட எனக்குத்தான் பயம் அதிகம்.

இப்போது அந்தச் சந்தும் இல்லை, அம்மாவும் பீபியம்மாவும் இல்லை. தவிடு கொடுத்துப் பிள்ளை வாங்குவார்கள் என்று சொன்னால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இந்த ஊரில் மங்களாக்களுக்குப் பஞ்சமே இல்லை. மார்க்கெட்டிலோ ஆஸ்பத்திரியிலோ யாராவது அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால், நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றுவிடுவேன். எங்கிருந்தாவது ஒருத்தி "ஓ" என்று குரல் கொடுக்கிற வரைக்கும் எனக்கு மூச்சு வராது.