உள்ளங்கையில் விட்ட எண்ணெய்

குழந்தைகளைத் தூங்க வைப்பது என் தொழில். மொன்றியாலில், வில்லரேயில் ஒரு கார்டெரியில், அதுதான் குழந்தைகள் காப்பகத்தில் வேலை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் திரையை இழுத்து விட்டு, அவரவர் போர்வையை அவரவர் கையில் கொடுத்து, முதுகில் மெல்லத் தட்டினால் எப்பேர்ப்பட்ட சண்டியனும் அடங்கிவிடுவான். கூட வேலை செய்கிறவர்கள் எனக்குக் கைராசி என்பார்கள். அந்தக் கைராசி என் வீட்டுப் படியேறியதும் எங்கேயோ ஓடி ஒளிந்துவிடும். வீட்டில் தூங்க வைக்க வேண்டிய ஒருவர் இருந்தார், என் கணவரின் அப்பா. எண்பதைத் தாண்டியவர், மறதி நோய்க்காரர்.

மாமா இந்த ஊருக்கு வந்ததிலிருந்து ஓய்வெடுக்கும்வரை பாண், ரொட்டி சுடுகிற ஒரு தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்தவர். மொன்றியால் சனம் காலையில் தின்கிற பாணில் பாதி தன் கை பட்டுத்தான் போகிறது என்று அந்த நாளில் பெருமையடிப்பாராம். ஓய்வெடுத்த பிறகு எல்லா மனிதரையும் போல இரவில் தூங்கிக்கொண்டுதான் இருந்தார். மறதி வந்து மற்ற நினைவுகள் ஒவ்வொன்றாகக் கழன்று போக, இரவு வேலை மட்டும் திரும்பி வந்தது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் பூட்ஸைத் தேடுவார். பழைய வேலை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, "பஸ் போகப்போகுது" என்று வாசலில் நிற்பார். பூட்ஸை ஒளித்து வைத்தால் என்னுடைய செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பார். "அப்பா, இண்டைக்கு உங்களுக்கு லீவு" என்று என் கணவர் சொன்னால், "ஆர் சொன்னது?" என்று ஒரு பார்வை பார்ப்பார். பிறகு விடியும்வரை வாசலுக்கும் குசினிக்கும் நடைதான்.

ஒருநாள் நாங்கள் கண்ணயர்ந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். பனி கொட்டிக்கொண்டிருந்தது. பஸ் தரிப்பிடத்தில் நின்றவரை எங்கள் தெருவிலேயே இருக்கிற ஒரு டாக்சிக்காரர் கண்டு, கையோடு கூட்டிக்கொண்டு வந்து விட்டார். மாமா அவருக்கு நல்ல மரியாதையாக "மெர்சி" சொன்னார்.

அதற்குப் பிறகுதான் சமூக சேவையாளர் மாமாவின் பெயரைப் பராமரிப்பு இல்லத்துக்குப் பதிந்தார். இடம் கிடைத்தால் கூப்பிடுவார்கள், உடனே முடிவு சொல்ல வேண்டும். அங்கே தமிழ் கதைக்க ஒருவரும் இல்லை. மாமாவுக்கு மிஞ்சியிருந்த பிரெஞ்சு போன்ஜூரும் மெர்சியும் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு மனிதர் வயிற்றுவலியை எப்படிச் சொல்லுவார்? ஆனால் எங்களுக்கும் உடம்பு உடம்புதானே. நான் மெட்ரோவில் தூங்கிப்போய்க் கடைசி நிலையத்தில் எழும்புவது வழக்கமாகிவிட்டது. கார்டெரியில் பிள்ளைகளுக்கு முதலே எனக்குக் கண் செருகியது. மாமா தூங்கினால் வீட்டில் இருப்பார், தூங்காவிட்டால் இல்லத்துக்குப் போவார். விஷயம் அவ்வளவுதான்.

எண்ணெய்க் கதையைக் கொண்டுவந்தவள் மச்சாள், என் கணவரின் அக்கா. லொங்குய்யில் இருக்கிறாள். எதையும் கரைத்துக் குடித்த மாதிரிப் பேசுவாள்.

"சிபிடி எண்ணெய் எண்டு ஒண்டு இருக்கு. என்னோடை வேலை செய்யிற மனிசி தன்ரை தாய்க்குக் குடுக்கிறா. நல்ல நித்திரையாம்."

"கஞ்சாவோ?" என்றேன்.

"கஞ்சாச் செடியிலைதான் எடுக்கிறது. ஆனா வெறிக்காது."

வாழ்க்கையில் ஒரு பியர் கூடத் தொடாத மனிதருக்குக் கஞ்சா எண்ணெய்! எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. ஆனாலும் மாமாவின் டாக்டரிடம் கேட்டேன். உறுதியான ஆதாரம் என்று பெரிதாக இல்லை, சிலருக்கு உதவுகிறது, சிலருக்கு ஒன்றும் செய்வதில்லை என்றார். மாமா எடுக்கிற மற்றக் குளிசைகளோடு ஒத்துப்போகுமா என்று பார்த்து, மிகக் குறைந்த அளவில் தொடங்கலாம், தலைச்சுற்று வந்தால் நிறுத்த வேண்டும் என்று சொன்னார்.

இங்கே கஞ்சாவைச் சட்டப்படி அரசாங்கமே கடை வைத்து விற்கிறது. அந்தக் கடைக்கு நான்தான் போனேன். வாசலில் நின்ற காவலாளி என் நரைத்த தலையைப் பார்த்தும் வயதை உறுதிப்படுத்த அடையாள அட்டை கேட்டார். அந்தச் சந்தோஷத்தோடு உள்ளே போனால், வரிசையில் எனக்கு முன்னால் எங்கள் கோயிலில் திருவிழாவுக்குத் திருவிழா மேடையேறிப் பேசுகிற ஐயா. இரண்டு பேரும் ஒரு நிமிடம் கூரையைப் பார்த்தோம்.

"இடுப்பு வலி, பிள்ளை" என்றார்.

"மாமாக்கு நித்திரை இல்லை, ஐயா" என்றேன்.

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் மூச்சு வந்தது.

எண்ணெயை நாக்கின் கீழே விட வேண்டும். மாமா வாயைப் பூட்டிக்கொண்டார். நான் கார்டெரியில் கற்ற வித்தையெல்லாம் காட்டினேன். பாட்டுப் பாடினேன், முதலில் நான் குடிப்பது போலப் பாவனை செய்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பிள்ளை, எனக்கு வேலைக்கு நேரமாச்சு" என்றார். போத்தலைத் தூக்கி எறியலாமா என்று வந்தது. எறியவில்லை. வருகிற போகிற சனத்தின் கண்ணில் படாமல் சாமியறைத் தட்டில், விபூதிக் கிண்ணத்துக்குப் பின்னால் வைத்தேன். அதுதான் நான் செய்த புத்திசாலித்தனம், தெரியாமல் செய்தது.

அடுத்த நாள் மாமா பூட்ஸும் ஜாக்கெட்டுமாகத் தயாராக நிற்கிறார். என் கணவர் இன்னொரு முறை முயன்று பார்க்கலாம் என்று சாமியறையிலிருந்து அந்தச் சின்னப் போத்தலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். மாமா கண்டுவிட்டார். சாமித் தட்டிலிருந்து போத்தலோடு ஒருவர் வந்தால் எங்கள் ஆட்களுக்கு அது தீர்த்தம்தானே. குனிந்து பூட்ஸைக் கழற்றினார். ஜாக்கெட்டைக் கழற்றினார். சட்டையையும் கழற்றி, கோயிலில் நிற்பது போல வெறும் மேலோடு சாமியறை வாசலில் வந்து நின்று, இடக்கையின் மேல் வலக்கையைக் குழித்து நீட்டினார்.

"அப்பா, இது மருந்து" என்றார் என் கணவர்.

"ஓம் ஓம்" என்றார் மாமா. கையை எடுக்கவில்லை.

என் கணவர் துளிகளை அந்த உள்ளங்கையில் விட்டார். மாமா உறிஞ்சிக் குடித்து, மிச்சத்தை உச்சந்தலையில் தடவிக்கொண்டார். பிறகு முகத்தைச் சுளித்தார்.

"என்னடா, கசக்குது. ஐயர் மாறிட்டாரோ?"

நான் சிரித்தேன். உடனே எரிச்சலும் வந்தது. அரைவாசி மருந்து தலைக்குப் போய்விட்டதே! வாய்க்குள் எவ்வளவு போனது என்று ஆருக்குத் தெரியும்? ஆனால் வெறும் மேலோடு நிற்கிற மனிதர் வேலைக்குப் போக முடியாது. குளிர வேறு செய்தது. நான் இரவுச் சட்டையைக் கொடுத்தேன், போட்டுக்கொண்டார். என் கணவர், "இண்டைக்கு லீவு, அப்பா" என்றார். இந்த முறை ஆர் சொன்னது என்று கேட்கவில்லை.

அன்றிரவு பாதியில் எழும்பினார். ஆனால் பாதி இரவு தூங்கினார். பிறகு வந்த நாட்களிலும் அதே தீர்த்தம்தான், தூக்கம் மெல்ல மெல்ல நீண்டது. விடியப்புறம்வரை தூங்கினார். நான் மெட்ரோவில் என் நிலையத்திலேயே இறங்கத் தொடங்கினேன். என் கணவர் மறுபடி வீட்டில் பகிடி விட்டுச் சிரிக்கத் தொடங்கினார். எவ்வளவு காலம் ஆயிற்று!

ஒரு சனி ஞாயிறு எங்களை ஒரு கலியாணத்துக்கு அனுப்பிவிட்டு மச்சாள் வந்து நின்றாள். மருந்தைத் தலையில் தடவுகிற கூத்து அவளுக்குப் பிடிக்கவில்லை. முழு அளவும் வயிற்றுக்குப் போகட்டும் என்று, இன்னும் நாலு துளி கூட விட்டு, புட்டிங்கில் கலந்து கொடுத்துவிட்டாள். சாமியறையும் இல்லை, தீர்த்தமும் இல்லை. மாமா சாப்பிட்டு முடித்து, வழக்கம் போலப் பூட்ஸையும் ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டு வாசலுக்கு நடந்தார். உடம்பு தூங்குகிறது, கால் வேலைக்குப் போகிறது. தடுமாறி விழுந்துவிட்டார்.

எலும்பு முறியவில்லை, கடவுள் காப்பாற்றினார். ஆனால் நெற்றி வீங்கியிருந்தது. அதே கிழமையில் பராமரிப்பு இல்லத்திலிருந்து இடம் இருக்கிறது என்று கூப்பிட்டார்கள். மச்சாள் அழுதுகொண்டே, "விடுவம். எங்களாலை ஏலாது" என்றாள். எனக்கு அவள் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் அது கரைந்து போனது. அவளுக்கு அவர் அப்பா.

டாக்டரிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். பூட்ஸைக் கழற்றுவது, சட்டையைக் கழற்றுவது, உள்ளங்கை, உச்சந்தலை எல்லாம். அவர் சிரிக்கவில்லை. பழைய சின்ன அளவுக்கே திரும்பிப் போகச் சொன்னார். "எண்ணெய் வேலை செய்கிறதா, நீங்கள் செய்கிற காரியம் வேலை செய்கிறதா, எனக்குத் தெரியாது. இரண்டையும் மாற்றாதீர்கள்" என்றார். எனக்கு என் கார்டெரி ஞாபகம் வந்தது. ஒரே திரை, ஒரே போர்வை, ஒரே கை. நான் தினமும் செய்கிறதுதான்.

அன்று மாலை மச்சாளையும் பக்கத்தில் நிறுத்தி வைத்தோம். மாமா பூட்ஸைக் கழற்றி, ஜாக்கெட்டைக் கொளுவியில் மாட்டி, மேலாடையில்லாமல் வந்து கையை நீட்டினார். குடித்தார், தடவினார், கசக்குது என்று ஐயரைப் பேசினார், தன் பாட்டில் அறைக்குப் போனார். மச்சாள் அவர் கழற்றிய பூட்ஸை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"இல்லத்துக்கு இப்போதைக்கு வேண்டாம் எண்டு சொல்லுவமே?" என்றாள்.

சொன்னோம். நோய் குறையவில்லை, அது குறையாது என்று தெரியும். இடையில் சில மோசமான இரவுகளும் வருகின்றன. ஆனாலும் மாமா எங்களோடு இருக்கிறார்.

போன கோடையில் ஒருநாள் வேலையில் மூன்று பேர் வரவில்லை, எல்லாப் பிள்ளைகளும் என் தலையில். வீட்டுக்கு வந்தபோது நிற்கச் சக்தியில்லை. என் கணவர் வர நேரமாகும். வெளியே இன்னும் வெயில். நான் போத்தலை எடுத்து மாமாவின் கையில் துளிகளை விட்டேன். உறிஞ்சிக் குடித்தார். மிச்சத்தைத் தன் தலைக்குக் கொண்டு போகவில்லை. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அந்தக் கையை என் உச்சந்தலையில் வைத்துத் தடவினார்.

"நீ போய்ப் படு, பிள்ளை. எனக்கு இண்டைக்கு லீவுதானே. நான் பாத்துக்கொள்ளுறன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த மனிதர் அந்தக் காலம் முழுக்க இரவில் பூட்ஸ் போட்டுக்கொண்டு போனது வீட்டில் இருந்தவர்கள் நிம்மதியாகத் தூங்கத்தானே. நான் சோபாவில் சாய்ந்தேன். அவ்வளவுதான் தெரியும்.

விழித்தபோது விடிந்திருந்தது. மாமாவின் அறையிலிருந்து குறட்டை கேட்டது. கொளுவி வெறுமையாக இருந்தது. அவருடைய வேலை ஜாக்கெட் என் மேல் போர்த்தியிருந்தது.