கயிற்றுக்கா, சட்டிக்கா

காலையில் தேநீருடன் பின்வளவுக்குப் போனால், என் நீலப் பீப்பாயில் ஒரு தளிர்கூட இல்லை. முந்தின நாள் சாணளவு நிமிர்ந்து நின்றவை. அவை ஏறுவதற்காக மேல்மாடி யன்னலிலிருந்து நான் தொங்கவிட்ட கயிறு மட்டும் சும்மா ஆடிக்கொண்டிருந்தது. லண்டனில் எங்கள் தோர்ண்டன் ஹீத் பக்கம் நரியும் வரும், அணிலும் வரும். இரண்டையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

"நான்தானப்பா ஆய்ஞ்சனான்," என்றாள் மனைவி குசினிக்குள் இருந்து. "நல்ல பிஞ்சு. தேங்காய்ப்பூ போட்டு வறை வறுத்திருக்கிறன்."

"விசரே உமக்கு? அது பியருக்கு வளர்த்த ஹொப்ஸ்!"

"பியர் பூவிலைதானே காய்ச்சிறது எண்டியள். நான் பூவைத் தொடேல்லையே."

அகதியாக வந்த புதிதில், ஒற்றை அறையில், குளிர்காலம் முழுக்கக் முட்டைக்கோவா வறையையே தின்றோம். அன்றிலிருந்து பச்சையாக எதைக் கண்டாலும் அவளுக்குக் கை துருதுருக்கும். ஆனால் என் வயிற்றெரிச்சல் வேறு. பக்கத்து வீட்டு டேவிட்டும் நானும் இத்தனை வருடமாக மழையையும் குப்பைத்தொட்டியையும் தவிர வேறெதுவும் பேசியதில்லை. போன குளிரில்தான், பியருக்குக் கசப்பேற்றும் தன் ஹொப்ஸ் கொடியில் ஒரு வேரை வெட்டி வேலிக்கு மேலால் நீட்டினார். கோடை முடியப் பூக்கும், நாம் சேர்ந்து பியர் காய்ச்சி தன் தோட்டத்தில் உட்கார்ந்து குடிப்போம் என்றார். இந்த நாட்டில் ஒரு வெள்ளைக்காரர் என்னையும் சேர்த்து 'நாம்' என்றது அதுதான் முதல் தடவை.

வேலியடியில் போய் நடந்ததைச் சொன்னேன். "ரைட்," என்றுவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். கோபமா, இல்லையா? இவர்களின் முகத்தை வாசிக்க எனக்கு இன்னும் ஏலவில்லை. எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன்.

மதியம் கதவைத் தட்டும் சத்தம். டேவிட், கையில் ஒரு பை நிறையத் தளிர். வசந்தத்தில் கயிற்றுக்கு இரண்டு மூன்றை விட்டுவிட்டு மிச்சத்தை வெட்டி எறிவதுதானாம் வழக்கம்; தின்னலாம் என்று தெரியாதாம். எப்படிச் சமைப்பது என்று என்னிடம் கேட்கவில்லை, மனைவியிடம் கேட்டார். இங்கிலிஷ் வராது என்று டொக்டரிடம்கூட என்னைப் பேசவிடுகிறவள், தேங்காய் துருவுவதை அவருக்கு நின்று விளக்கினாள். சோறும் வறையும் வழித்துச் சாப்பிட்டார். பியரைப் பற்றி மூச்சும் இல்லை. நானும் சாப்பிட்டேன். நல்ல ருசி. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

இன்று பீப்பாயில் புதிதாக ஒரு தளிர் எட்டிப்பார்க்கிறது. குனிந்து கயிற்றை அதனருகில் இழுத்தேன்.

"இஞ்சேருங்கோ, திரும்ப வந்திட்டுதோ?" குசினி யன்னல் திறந்தது. அதே நேரம் வேலிக்கு மேலால் டேவிட்டின் தலை. அவரும் அதையேதான் கேட்டார், பியருக்கா, வறைக்கா என்றுதான் தெரியவில்லை.

இரண்டு பக்கமும் பார்த்துச் சிரித்தபடி, தளிரை உள்ளங்கையால் மூடிக்கொண்டு நின்றேன்.