கழுத்தில் கிடந்த டேப்

உள்ளறையிலிருந்து மறுபடியும் அந்த அழுகை வந்தது. கண்ணாடியில் ஆணி கீறுவதுபோல மெல்லிசாய், நீளமாய் ஒரு வீறல். தையல்காரி மெஷினை நிறுத்தினாள்.

"பாப்பாவுக்குக் குரலே மாறியிருக்கே?" என்றபடி உள்ளே வந்தாள், இரண்டு தெரு தள்ளி இருக்கும் அக்கா. எதைச் சொன்னாலும் பின்னாலேயே ஒரு சிரிப்பு வருவதால் ஊருக்கே அவள் சிரிப்பக்கா. கையில் போன வாரம் தைத்து வாங்கிப்போன ஜன்னல் திரை.

"பல்லு வருதோ என்னமோக்கா. ரெண்டு நாளா குடிச்ச பாலெல்லாம் அப்படியே வெளிய வருது. அழுதா இந்த வீறல், இல்லன்னா தூக்கம்."

சொல்லும்போதே அவள் கை கழுத்தில் கிடந்த டேப்பைத் தடவியது. கல்யாணமான புதிதில் வாங்கியது. "நான் உனக்குப் போட்ட ஒரே நகை" என்று லாரி ஓட்டும் புருஷன் கேலி செய்வான்.

பிறக்கும்போதே அந்தப் பெண் குழந்தைக்குப் பின்மண்டை எலும்பு மூடவில்லை. ஓட்டை வழியே ஒரு பை தொங்கியது. அதற்குள் மூளையின் ஒரு துணுக்கு. டாக்டர் அதை எடுத்துவிட்டுத் தைத்து மூடினார். தழும்பைத் தடவிப் பார்த்த தையல்காரி, 'நல்ல கை' என்று மனசுக்குள் கும்பிட்டாள். பட்ட காலிலேதானே படும்? தலைக்குள் நீர் கோத்தது. அந்தப் பிஞ்சு உடம்பில் மறுபடியும் கத்தி. தலையிலிருந்து வயிற்றுக்குத் தோலுக்கடியில் ஒரு குழாய் வைத்தார்கள்.

"ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது. ஆனா முடிவு இனிமேதான் தெரியும்மா," என்றார் டாக்டர். "இப்படிப் பொறந்ததுல சிலது ஓடியாடிப் பள்ளிக்கூடம் போகுது. சிலதுக்குப் பார்வை வராது, நடை வராது. சிலது தங்கறதே இல்ல. குழாய் எப்ப வேணா அடைச்சுக்கும். வாராவாரம் தலையை அளங்க. மளமளன்னு ஏறுச்சுன்னா உடனே ஓடி வாங்க."

அளக்க அவளுக்கா சொல்லித்தர வேண்டும்? வீட்டில் முதல் தடவை அளந்தபோதே ஆஸ்பத்திரி அளவைவிடக் குறைவாக வந்தது. நீர் வடிகிறது என்று ஆனந்தக் கண்ணீர் விட்டாள். இன்று காலைகூட அந்த அளவைத் தாண்டவில்லை. அந்தத் தைரியத்தில்தான் போன வாரம் டாக்டரிடம் காட்டப் போகாமல் இந்தத் திரையைத் தைத்தாள். குழந்தையின் குல்லாய் தலையில் ஏற மறுத்தபோதும், துவைத்ததில் துணி சுருங்கிவிட்டது என்று எண்ணிக்கொண்டாள்.

"என் பஞ்சாயத்துக்கு வா," என்று திரையை உதறினாள் சிரிப்பக்கா. "தரையைக் கூட்டுது. இனி எனக்குத் துடைப்பச் செலவு மிச்சம்!"

"நீங்க சொன்ன அளவுக்குத்தானேக்கா வெட்டினேன்?"

"நான் எங்க வீட்டுக்காரரு கொத்து வேலைக்கு வச்சிருக்கிற இரும்பு டேப்ல அளந்தேன். இந்தா, கையோட கொண்டாந்திருக்கேன். உன்னுதை இது மேல வை பாப்போம்."

வைத்தாள். முனைகள் ஒன்றாய்த்தான் தொடங்கின. போகப்போகத் துணி டேப்பின் கோடுகள் விலகின. ஒரு குழந்தையின் தலைச் சுற்றளவுக்கு வருவதற்குள் ஒரு விரற்கடை தள்ளி நின்றன.

"அடியாத்தீ! உன் டேப்பும் என் இடுப்பு மாதிரி தளந்துபோச்சுடி!"

தையல்காரி சிரிக்கவில்லை. இழுபட்டு நீண்ட டேப் எதையும் குறைத்துத்தான் காட்டும். இத்தனை வாரமும் குறைத்தே காட்டியிருக்கிறது.

மெஷினிலிருந்து ஒரு நீள நூலை அறுத்துக்கொண்டு உள்ளறைக்கு ஓடினாள். குழந்தையின் உச்சிக்குழி புடைத்திருந்தது. கருவிழிகள் கீழே இறங்கி, மேலே வெள்ளை மட்டும் தெரிந்தது. தலையைச் சுற்றி நூலை எடுத்து, இரும்பு டேப்பின்மேல் நீட்டினாள். ஆஸ்பத்திரி அளவைத் தாண்டி, முழுசாய் ஒரு விரற்கடை தள்ளிப் போய் நின்றது நூல்.

"என்னடி ஆச்சு?" சிரிப்பக்காவின் முகத்தில் சிரிப்பு செத்துவிட்டது.

"குழாய் அடைச்சிருச்சுக்கா. எத்தனை நாளா அடைச்சுக் கிடக்குதோ... என் கையாலயே அளந்து, என் புள்ளைய நானே..."

"அழறதை ஆஸ்பத்திரில போய் வச்சுக்க. நான் முக்குல வண்டிய நிறுத்தறேன், நீ புள்ளையத் தூக்கிட்டு ஓடி வா!"

திரையையும் செருப்பையும் விட்டுவிட்டு ஓடினாள் அந்த அக்கா. அவளுக்குப் பின்னால் கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

அந்தச் சத்தத்துக்குக்கூடக் குழந்தை அழவில்லை.