வெட்டிப் போட்ட மௌனம்

பயிற்சி நிலையத்தில் அவளைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். கையில் கத்திரிக்கோல் எதுவும் கிடையாது. கணினி முன் உட்கார்ந்து, ஆசிரியர்களின் வீடியோப் பாடங்களிலிருந்து இருமல், தும்மல், இழுவை எல்லாவற்றையும் நறுக்கி எறிவது அவள் வேலை. அவள் கை பட்டால் ஒரு மணி நேரப் பாடம் அரை மணியில் ஓடிவிடும். முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

அவளுக்கு வாய்த்த புருஷனோ அதே நிலையத்தில் நர்ஸ் பரீட்சைக்கு மருந்தளவுக் கணக்கு நடத்தியவர். கேள்வியைக் கேட்டுவிட்டுக் கரும்பலகையில் சாய்ந்து நிற்பார். நின்றுகொண்டே இருப்பார். அந்த இடைவெளியில் ஒருவன் எழுந்து போய், கல்யாணம் முடித்து, பெண்டாட்டியோடு திரும்பி வந்து உட்கார்ந்த பிறகுதான் விடை வந்தது என்று ஊரே சத்தியம் செய்யும்.

"நீங்க சும்மா நிக்கறதையெல்லாம் எவன் உக்காந்து பாப்பான்?" என்பாள் கத்திரி.

"நான் சும்மா நிக்கறப்பதான் அவங்க வேலை செய்யறாங்க. அதை மட்டும் விட்டுடேன்."

"வீட்லயும் இதே கதைதான். காய் நறுக்குங்கன்னா சாஞ்சு நிக்கறது."

சிரித்துக்கொண்டே வெட்டினாள். வெட்டியதை அழித்தும்விட்டாள், கணினியில் இடம் வேண்டுமே.

ஒரு நாள் காலையில் செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

அவருடைய தங்கை ஆஸ்பத்திரியில் படுக்கை மாற்றும் உதவியாள். நர்ஸ் பரீட்சையில் ஏற்கெனவே கோட்டை விட்டவள். வயது வரம்பு நெருங்கிவிட்டதால் இதுதான் கடைசி வாய்ப்பு. அண்ணன் குரலைக் கேட்டே படித்துவிடுகிறேன் என்று அண்ணி வீட்டில் வந்து உட்கார்ந்தாள். பாடம் ஓடும்போது எல்லாம் தெரிந்தவள்போலத் தலையாட்டினாள். மாதிரிப் பரீட்சை வைத்தால் தாள் வெள்ளையாகவே திரும்பி வந்தது.

"என்னடி, இவ்வளவு நேரம் பொம்மை மாதிரி தலையாட்டினியே?"

"பாக்கறப்ப எல்லாம் புரியுது அண்ணி. மூடினா ஒண்ணும் நிக்கல. கேள்வி கேட்ட உடனே பதிலையும் அவரே சொல்லிடறாரு. என்னை யோசிக்கவே விடல. அண்ணன் இப்படிக் கிடையாதே. இதுல அவரு மூச்சுகூட விடமாட்டேங்கறாரு."

அந்த மூச்சையும் கத்திரிதான் வெட்டியிருந்தாள்.

"அங்கங்க நீயே நிறுத்தி வச்சுப் போட்டுப் பாரேன்," என்று சமாளித்தாள்.

"எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சா நான் ஏன் அண்ணி இங்க உக்காந்திருக்கேன்?"

கத்திரி பழைய பாடங்களைத் திறந்தாள். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் வெற்று அமைதியைச் செருகி ஓட்டிக் காட்டினாள்.

"கரண்ட் போயிடுச்சா அண்ணி?" என்றாள் தங்கை.

உண்மைதான். அது செத்த அமைதி. அவர் நின்ற அமைதியில் மின்விசிறியின் கடகடப்பு இருந்தது, விரலிடுக்கில் சாக்பீஸ் உருளும் சத்தம் இருந்தது. கத்திரி ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஆளில்லாத அந்த வகுப்பறைக்குப் போனாள். மின்விசிறியைப் போட்டாள். ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு, அவர் சாய்ந்து சாய்ந்து பளபளத்துப் போயிருந்த இடத்தில் தானும் சாய்ந்தாள். பேசாமல் நின்றாள்.

அதைக் கொண்டுவந்து ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் ஒட்டினாள்.

இந்த முறை கேள்வி வந்ததும் மின்விசிறி கடகடத்தது. தங்கை பேனாவை எடுத்தாள். பாதியில் தலையைத் தூக்கினாள்.

"யாரோ மூக்கை உறிஞ்சற மாதிரி கேக்குது அண்ணி. வெட்ட மறந்துட்டீங்களா?"

"இருக்கட்டும். நீ கணக்கைப் போடு."

அண்ணன் குரல் திரும்பி வந்து விடை சொல்வதற்குள் தாளில் அதே விடை விழுந்திருந்தது.

தேறிவிட்டாள். வேலை கிடைத்து வேறு ஊருக்கும் போய்விட்டாள். கத்திரி மட்டும் எப்போதாவது அந்தப் பாடத்தை ஓட்டுவாள். அவர் கேள்வி கேட்பார், மின்விசிறி கடகடக்கும். அங்கே சாய்ந்து நிற்பது அவரில்லை, தான்தான் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அவர் குரல் திரும்பி வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பாள்.