குளவிக் கூடு இருந்த உத்தரம்

பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்து ஊரில் தீர்த்தம்மாளைப் பிடிவாதக்காரி என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவள் பயந்துகொண்டே செய்தவள். அதற்குத் துணிச்சல் கூடுதலாக வேண்டும்.

1934-இல் மாதுவுக்கு வாழ்க்கைப்பட்டாள். ஐந்து வருடமாகியும் வயிறு திறக்கவில்லை. மாமியார் சின்னம்மாள் மகனுக்கு இரண்டாம் தாரமாகப் பெண் தேட ஆரம்பித்தாள். மாது நல்லவன்தான், அம்மா பேசும்போது மட்டும் அவனுக்கு வாய் இருக்காது.

அந்தச் சமயம் வீட்டு உத்தரத்தைக் கருவண்டுகள் துளைத்தன. மாமரத்து உத்தரம், அவற்றுக்கு அல்வா மாதிரி. விரல் நுழைகிற துளைகள். களி உருண்டையில் மரத்தூள் உதிரும். வண்டு விட்டுப்போன பழைய துளைகளில் குளவி குடியேறிச் செம்மண்ணால் வாயடைத்தது. குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் பிள்ளை பிறக்கும் என்று ஊரே நம்பும். சின்னம்மாள் பெண் தேடுவதை அன்றோடு நிறுத்தினாள்.

"உத்தரத்துல ஒருத்தரும் கை வெக்கக் கூடாது," என்றாள்.

தீர்த்தம்மாளுக்கும் அது வசதிதான். கூடு இருக்கும்வரை அவளுக்கும் அந்த வீட்டில் இடம் உண்டு. வண்டுகளை விரட்டாமல் இரண்டு வருடம் தூளோடு களி தின்றாள். துளைகள் பதினேழாயின.

ஐப்பசி மழையில் ஓடு நனைந்து கனத்தது. ஒரு காலையில் உத்தரம் படீரென்று விரிசல் விட்டது, சரியாக மாமியார் படுக்கும் இடத்துக்கு மேலே. மாது ஓடிப்போய் முட்டுக்கொடுத்தான். தச்சர் குப்புராஜ் ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டார்.

"கூடு இருக்கற மரத்துல நான் உளி வெக்க மாட்டேங்க. அந்தப் பாவம் எனக்கு வேணாம்."

"வுட்டுடுங்க, நான் வேற பக்கம் படுத்துக்கறேன்," என்றாள் சின்னம்மாள்.

தீர்த்தம்மாள் உளியை வாங்கிக்கொண்டு ஏறினாள். தன் வாழ்க்கையைத் தானே பெயர்க்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு கூடாகக் கொத்தினாள். செம்மண் உதிர உதிர அழுதாள், நிறுத்தவில்லை.

"எம் பேரன ஒடச்சிட்டியேடி!" என்று அலறினாள் மாமியார்.

"வராத பேரனுக்காக, இருக்கற உங்கள பறிகொடுக்கச் சொல்றீங்களா, அத்த?"

இறக்கிய உத்தரத்தைக் குப்புராஜ் அறுத்துக் காட்டினார். உள்ளே நீள நீளமாகப் பொந்துகள். சின்னம்மாள் அதில் விரலை விட்டுப் பார்த்தாள். வேப்பமரத்தில் புது உத்தரம் ஏறியது.

பிள்ளை பிறக்கவில்லை. 1943-இல் சொந்தக்காரர் கோவிந்தன் ஒரு பெண்ணைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"கொளவிக் கூட்ட ஒடச்சவளுக்கு வவுறு எப்படிங்க தெறக்கும்? மாதுவுக்கு இதப் பேசி முடிச்சிரலாங்க."

அடுப்படியில் தீர்த்தம்மாள் களி கிண்டுவதை நிறுத்தினாள்.

"அந்தக் கூட்ட அவ ஒடச்சதாலதான் நான் இன்னிக்கு உசுரோட குந்தியிருக்கறேன்," என்றாள் சின்னம்மாள். "இந்த வூட்டுக்கு மருமவ ஒருத்திதான். மோர் குடிச்சிட்டுக் கெளம்புங்க."