நானே அடிக்கச் சொன்ன எண்

சில வருடங்களுக்கு முன், திருப்பத்தூரில் ஒரு கல்லூரியில் பி.காம். படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. எங்கள் வீடு ஜவ்வாது மலையில், புதூர்நாட்டையும் தாண்டி. பள்ளிப் படிப்புக்குப் பிறகு பெங்களூரில் கட்டட வேலை, கேரளாவில் எஸ்டேட் வேலை என்று சுற்றிவிட்டு, ஒரு டிகிரியாவது வாங்கலாமென்று தாமதமாகச் சேர்ந்தவன் நான். விடுதியில் இடம் கிடைக்கவில்லை. இருட்டோடு கிளம்பி, பஸ் நிற்கும் இடம்வரை நடந்து, மலையிலிருந்து இறங்கும் முதல் பஸ்ஸைப் பிடித்தால், மணி அடிக்கும்போது வகுப்பில் இருப்பேன். அதற்கு முன்னால் பஸ் கிடையாது.

புள்ளியியல் எடுத்த ஆசிரியர் நல்லவர். தக்காளி விலை, கிரிக்கெட் ரன் என்று எங்களுக்குத் தெரிந்ததை வைத்தே நடத்துவார். ஒருநாள், கல்லூரிக்கு வர எவ்வளவு நேரமாகிறது என்று ஆளுக்கொரு துண்டுச் சீட்டில், பெயர் போடாமல் எழுதித் தரச் சொன்னார். பத்து நிமிடம், இருபது நிமிடம், அரை மணி என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டே வந்தவர், என் சீட்டைப் பிரித்ததும் நின்றார்.

“மூணு மணி நேரமாம். யார்ப்பா இது?”

“ஆமை மேல ஏறி வர்றான் போல, சார்” என்றான் கடைசி பெஞ்சுக்காரன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இந்த ஒரு எண் சராசரியை மேலே இழுத்துவிடுகிறதே, என்ன செய்யலாம் என்று ஆசிரியர் கேட்டார். நான் அந்தப் பாடத்தை முன்பே படித்து வைத்திருந்தேன். எழுந்து, “கூட்டத்தோட ஒட்டாத எண்ணு சார். அத அடிச்சுட்டுக் கணக்குப் போடணும்” என்றேன். “சபாஷ்!” என்று எல்லோரையும் கைதட்டச் சொன்னார். எனக்காக ஒரு கூட்டம் கைதட்டியது வாழ்க்கையில் அன்றுதான்.

அடுத்த பருவத்தில் கல்லூரி தொடங்கும் நேரத்தை ஒரு மணி நேரம் முன்னதாக்கினார்கள். மாணவர்கள் எல்லோரும் அருகிலிருந்துதான் வருகிறார்கள் என்பதற்கு எங்கள் வகுப்புக் கணக்கைத்தான் ஆசிரியர் கல்லூரி முதல்வரிடம் காட்டியிருந்தார். அதன்பிறகு முதல் வகுப்பு எனக்குக் கிடைக்கவே இல்லை. வருகைப்பதிவு குறைந்துபோய், தேர்வு எழுத விடவில்லை.

ஆசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு முகமே மாறிவிட்டது.

“அது உன்னுதா? அன்னிக்கே சொல்றதுக்கு இன்னாப்பா?”

“எல்லாரும் சிரிச்சாங்க, சார்.”

எனக்காக அவர் முதல்வரிடம் பேசத்தான் செய்தார். ஒருத்தனுக்காக நேரத்தை மாற்ற முடியாது என்று பதில் வந்தது. கணக்குப்படி அதுவும் சரிதான்.

படிப்பை விட்டுவிட்டேன். இப்போது போர்வெல் லாரியில் ஊர் ஊராகப் போகிறேன். எங்கேயாவது நாலு பேர் கூடி, எல்லோருக்கும் இது வசதிதானே என்று கேட்டுத் தலையாட்டும்போது, அந்தக் கூட்டத்தில் பேசாமல் சிரித்துக்கொண்டு நிற்பவன் எவன் என்றுதான் என் கண் தேடுகிறது.